குணாளனுக்குப் பேச்சு வரணும்

உள்ள வாங்கம்மா. அந்த கேட்டைப் போட்டு அப்படி இடிக்காதீங்க, பூட்டே கிடையாது, தள்ளினா தெறந்துக்கும். செருப்பு இருக்கட்டும், போட்டுக்கிட்டே வாங்க, கார் ஷெட்டுதானே இது. கார் ஒண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு, அதை ஃபைனான்ஸ்காரன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். இப்ப நானும் இந்த நாற்காலியும்தான். உக்காருங்க. இந்தாங்க, தண்ணி குடிங்க, வெயில்ல வந்திருக்கீங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய நின்னுக்கிட்டு "யோவ் வாட்ச்மேன்"னு கூப்பிட்டீங்க பாருங்க, அது வேணாம். நான் இந்த வீட்டு வாட்ச்மேன் கிடையாது. சம்பளம் வாங்கினாத்தானே வாட்ச்மேன்? ஒரு பைசா நான் வாங்கறதில்ல. என் பேரு தனகோட்டி. அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், திண்டிவனம் வந்தவாசி ரூட்டுல என்னைக் கேட்டா சொல்லுவாங்க. நானும் உங்களை மாதிரி இவன்கிட்ட மனை வாங்கி ஏமாந்தவன்தான். உங்களுக்கு முன்னாடி ஏமாந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எத்தனாவது மனை உங்களுது? அறுபத்தி ரெண்டா? அடக் கடவுளே, அது பூங்காம்மா. மேப்புல பச்சையா ஒரு கட்டம் போட்டு, சறுக்குமரம்லாம் வரைஞ்சு வச்சிருந்தானே, ஞாபகம் இருக்கா? அதை வெட்டித்தான் உங்களுக்கு வித்திருக்கான். அந்தப் பூங்காவுல மனை வாங்கினவங்க இதுக்கு முன்னாடியும் வந்துட்டுப் போயிருக்காங்க. குவைத்துல இருந்து வீட்டுக்காரர் அனுப்பின காசா? ம். அழாதீங்க. கொஞ்சம் மெதுவா அழுங்க, சத்தம் மாடிக்குப் போவும். மேல இப்பதான் அவருக்குக் கண்ணு அசந்திருக்கு.

பாக்க முடியாதும்மா. நான் மறைக்கல, வீட்டுலதான் இருக்காரு. ஆனா நீங்க போய் நின்னு சத்தம் போட்டீங்கன்னா பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினா அன்னைக்குப் பேச்சு வராது. அவருக்குப் பேச்சு வந்தாத்தான் உங்களுக்கும் பணம், எனக்கும் பணம். ஏன்னு சொல்றேன், முழுசா கேட்டுட்டுப் போங்க. அவருங்கறேனா? ஆமா, வாய்ல அப்படி வந்துடுது இப்பல்லாம். அவன்தான். திருட்டுப் பயதான். குணாளன்னு பேரு வச்சிருக்காங்க பாருங்க அவனுக்கு.

எங்கிட்ட எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். ஏங்க, கண்டக்டர் வேலை பாத்தவரு, ஆளைப் பாத்தே எடை போட்டிருப்பீங்களே, நீங்க எப்படிங்க ஏமாந்தீங்கன்னு. ஞாயம்தான். டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சியை நான் பின்படியில இருந்தே கண்டுபிடிப்பேன். செக்கிங் ஏறி ஒரு நாள் என்னை மாட்டினது கிடையாது. ஆனா இவன் மூஞ்சியை நான் பாக்கவே இல்லம்மா. அன்னைக்கு வேன்ல இருந்த கூட்டத்தைப் பாத்தேன். காலியா நிக்கிற வண்டியில ஜனங்க ஏற மாட்டாங்க. பின்னாடி வேற வண்டி வரும்னு நிப்பாங்க. நிறைஞ்ச வண்டியில அடிச்சுப் புடிச்சு ஏறுவாங்க. இதை ஆயுசு பூரா படியில நின்னு பாத்தவன் நான். மனை பாக்க ஓசி வேன் விட்டான்ல, மூணு வேன், உக்கார இடம் இல்லை, மடியில குழந்தைங்களை வச்சுக்கிட்டு வந்தாங்க. மத்தியானம் பந்தல் போட்டு பிரியாணி. இம்மாம் பேர் வாங்கறாங்களேன்னு நானும் அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன். ரிட்டயர்மெண்ட் பணம் அப்பத்தான் வந்திருந்துச்சு, அது வர்றதுக்கே ஒன்றரை வருஷம் நடந்தேன். பதினோரு லட்சம். வந்ததும் போனதும் ஒரே மாசம்.

எங்க வீட்டுக்காரி செங்கமலம், அவளுக்கு ஒரே ஆசை. வாடகை வீட்டு ஓனர் செவுத்துல ஆணி அடிக்க விடமாட்டான். எங்க கல்யாண போட்டோ இத்தனை வருஷமா டிரங்குப் பெட்டியில கெடக்குது. சொந்தமா ரெண்டு ரூம் கட்டினா முதல்ல ஒரு ஆணி அடிக்கணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா. பெரிய ஆசையா இது, சொல்லுங்க.

பூஜை போடலாம்னு எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் வாங்கிக்கிட்டு மனைக்குப் போறோம், அங்க வேற ஒரு குடும்பம் ஐயரை வச்சு ஹோமம் பண்ணிக்கிட்டு இருக்கு. என் மனையில. நான் என் பத்திரத்தைக் காட்டறேன், அவங்க அவங்க பத்திரத்தைக் காட்டறாங்க. அவங்களுது எனக்கு முன்னாடி தேதி. அந்த ஐயர்தான் பாவம், யாருக்கு மந்திரம் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தாரு.

விட்டுடுவேனா நான்? மறுநாளே போய் குற்றப்பிரிவுல புகார் குடுத்தேன். முதல் புகார் என்னுதுதான்மா. என்னைப் பாத்துத்தான் மத்தவங்க தைரியமா வந்தாங்க. கேஸ் போட்டாங்க, ஆளைப் புடிச்சு உள்ள வச்சாங்க. ஜாமீன்ல வெளிய வந்ததும் நேரா எங்க வீட்டுக்கு வர்றான், ஒத்தையா, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு. செங்கமலம் கால்ல விழுந்துட்டான். "அண்ணி, உங்க பணத்தை நான் தின்னா எனக்கு செரிக்காது. அண்ணன் புகாரை ஒண்டி வாபஸ் வாங்கச் சொல்லுங்க, பேங்க்காரன் எனக்கு லோன் தர்றேங்கறான், கேஸ் இருக்கறதால நிறுத்தி வச்சிருக்கான். வந்ததும் முதல் பணம் உங்களுக்கு." நான் முடியாதுன்னுட்டேன். அப்ப அவன் ஒண்ணு சொன்னான். மாரியம்மன் கோயிலுக்கு வாங்கண்ணே, சூடம் அணைச்சு சத்தியம் பண்றேன்னான்.

நீங்க சிரிக்கறீங்களா? சிரிக்கலையா? சரி. எங்க தெருவுல சூடம் அணைச்சு சத்தியம்னா அது விளையாட்டு இல்லம்மா. கோர்ட்டுல பகவத் கீதை மேல கைய வச்சு எவன் வேணா பொய் சொல்லுவான். எரியற சூடத்தை உள்ளங்கையால அணைச்சுட்டுப் பொய் சொன்னவன் எங்க ஊர்ல நல்லா இருந்ததில்ல. அவன் அணைச்சான். என் கண்ணு முன்னால, பூசாரி முன்னால, தெருவே பாக்க. "தனகோட்டி அண்ணன் பணத்தை ஆடி பொறக்கறதுக்குள்ள நான் குடுக்கலைன்னா என் கை கால் விளங்காம போவட்டும், என் வாய் பேசாம போவட்டும்." அம்மன் முன்னாடி இப்படி ஒருத்தன் சொல்றப்ப நான் என்ன பண்ண? மறுநாள் போய் எழுதிக் குடுத்துட்டேன். அந்த இன்ஸ்பெக்டர் ரெண்டு தடவை கேட்டாரு, "பெரியவரே, பணம் கைக்கு வந்துடுச்சா?"ன்னு. வந்துடுச்சு சார்னு சொன்னேன். வந்த மாதிரிதானேன்னு ஒரு நெனப்பு.

அப்புறம் என்ன, அடுத்த வாரம், அடுத்த வாரம். போன் போட்டா அடுத்த வாரம். ஆபீஸ்ல போய் நின்னா அடுத்த வாரம். ஆபீஸை மூடிட்டான். அப்பத்தான் நான் முடிவு பண்ணேன், இனிமே இவன் வீட்டை விட்டு நவுரக் கூடாதுன்னு. காலைல டிபன் சாப்பிட்டுட்டு வந்து இந்த கேட்டுக்கு அந்தாண்ட உக்காந்துடுவேன். ராத்திரி அவன் லைட்டை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் போறது. அவனும் பாத்தான், போலீஸை கூப்பிடுவேன்னான், கூப்பிடுடான்னேன். கொஞ்ச நாள் கழிச்சு அவன் சம்சாரம் மேகலா, "வெயில்ல உக்காராதீங்கண்ணே"ன்னு இந்த நாற்காலியைப் போட்டுச்சு. அது நல்ல பொண்ணும்மா, அதைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஆடி பொறந்துச்சு. ஒரு நாள் காலைல, அந்தோ அந்தப் படியில வந்து நின்னான், பல்லு விளக்கிட்டு, தோள்ல துண்டு. "அண்ணே, அடுத்த வாரம்"னான். வாயைக் கோணிக்கிட்டுச் சொன்னான். எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு, கிண்டல் பண்றான்னு நெனச்சு கைய ஓங்கிட்டேன். நான் அடிக்கல. நான் அடிக்கறதுக்கு முன்னாடியே சரிஞ்சு விழுந்துட்டான். வலது கை, வலது கால், வாய், எல்லாம் போயிடுச்சு.

தெருவுல எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க, சத்தியம் புடிச்சிடுச்சு பாருன்னு. பூசாரி அன்னைக்கு சாயங்காலமே அம்மனுக்கு விசேஷ அலங்காரம் பண்ணிட்டான். எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. சாமி தண்டிக்கணும்னா தண்டிக்கட்டும், வேணாங்கலை. பணத்தை வாங்கிக் குடுத்துட்டு தண்டிச்சிருக்கலாம்ல? இவன் செத்துட்டா நான் யாரைப் போய்க் கேப்பேன்? நான்தான் ஆட்டோ புடிச்சு, மடியில போட்டுக்கிட்டு, ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். வழி பூரா "டேய், செத்துடாதடா, செத்துடாதடா"ன்னு அழுதுக்கிட்டே போனேன். ஆட்டோக்காரன், "தம்பிங்களா?"ன்னு கேட்டான்.

உசுரு தங்கிடுச்சு. ஆனா பேச்சு இல்லை. ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சு. என்னன்னு நெனக்கறீங்க? அடுத்த வாரம். சாப்டியான்னு கேட்டா அடுத்த வாரம். வலிக்குதான்னு கேட்டா அடுத்த வாரம். நர்ஸ் பொண்ணுங்க வெளிய போய்ச் சிரிச்சுட்டு வருவாங்க. டாக்டர் சொன்னாரு, சில பேருக்கு இப்படி ஏதாவது ஒரு வார்த்தை ஒண்டி நின்னுடுமாம். ஒருத்தருக்கு அவரு சம்சாரம் பேரு நின்னுச்சாம். இவருக்கு இது நின்னுருக்கு.

அப்பத்தான் மேகலா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுச்சு. "அண்ணே, ஒலக்கூர் பக்கம் அவர் பேர்ல ஒண்ணரை ஏக்கர் இருக்கு. யாருக்கும் தெரியாது. அதை வித்துட்டா முதல்ல உங்களுக்குத்தான்." எனக்கு உசுரு வந்துச்சு. வாங்கறதுக்கு ஆளும் மேகலாவோட தம்பியே பாத்துட்டான். ஒரு நல்ல நாளாப் பாத்து, வேட்டி கட்டிவிட்டு, நானும் அந்தத் தம்பியும் தூக்கிக்கிட்டு ரிஜிஸ்டர் ஆபீஸ் போனோம். கைநாட்டு இடது கையில வச்சுக்கலாம், அது பிரச்சனை இல்லை. ஆனா சார்பதிவாளர் கேப்பாருல்ல, சுயநினைவோட, சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கறாரான்னு. நல்ல மனுஷன், எழுந்து வந்து பக்கத்துல நின்னு குனிஞ்சு கேட்டாரு. "ஐயா, உங்க பேரு என்னங்க?"

அடுத்த வாரம்.

"இந்த நிலத்தை விக்கறதுக்கு உங்களுக்கு சம்மதங்களா?"

அடுத்த வாரம்.

அவரு எங்களைப் பாத்தாரு. "சரி, அவரே சொல்றாரு, தேறினதும் இட்டுக்கிட்டு வாங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. வரிசையில நின்ன ஜனம் அத்தனையும் சிரிக்குது. நான் சுவரைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டேன். கோர்ட்டுக்குப் போய் மேகலாவை கார்டியனா போட்டு அப்புறம் விக்கலாமாம், அதுக்கு வருஷக்கணக்கா ஆவும்னு வக்கீல் சொல்லிட்டாரு. அப்ப வேற வழி? இவருக்குப் பேச்சு வரணும்.

அதைத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்கேன். காலைல ஆறரைக்கு வந்துடறேன். மூஞ்சி துடைச்சு, ஷேவிங் பண்ணிவிட்டு, கைக்கு எண்ணெய் தேச்சு, நாற்காலியில உக்கார வச்சு, எதிர்ல நான் ஒரு நாற்காலி போட்டு உக்காந்துடுவேன், சார்பதிவாளர் மாதிரி. பேரு என்ன? அப்பா பேரு என்ன? சம்மதமா? யாராவது மிரட்டினாங்களா? திரும்பத் திரும்பக் கேப்பேன். பாண்டிச்சேரியில இருந்து பேச்சுப் பயிற்சி குடுக்கற அம்மா ஒருத்தங்க வாரம் ரெண்டு தடவை வர்றாங்க. அவங்களே என்னைப் பாத்து, "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி சார்"னு சொன்னாங்க. கண்டக்டருக்குப் பொறுமை இல்லாம எப்படி?

அவங்களுக்கு ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்திதான். இங்க சண்டை போட வந்தவங்களை உக்கார வச்சுப் பேசி, விஷயத்தைச் சொல்லி, நாங்க அஞ்சு பேர் சேர்ந்து பங்கு போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கோம். வந்தவங்கள்ல சில பேர் கத்திட்டுப் போயிட்டாங்க. நஷ்டம் அவங்களுக்குத்தான். நிலம் விக்கறப்ப பங்கு போட்டவங்களுக்கு முதல்ல செட்டில் பண்றதுன்னு மேகலாகிட்ட பேசி வச்சிருக்கேன்.

கரண்ட் பில்லு நான்தான் கட்டறேன், என் பென்ஷன்ல. முழிக்காதீங்க. ஈபி-காரன் ஃபியூஸைப் புடுங்கிட்டா ஃபேன் ஓடாது, ஃபேன் ஓடலைன்னா அவருக்குத் தூக்கம் கிடையாது, தூக்கம் இல்லைன்னா மறுநாள் வாயே திறக்க மாட்டாரு. கேஸ் சிலிண்டர் புக் பண்றது, ரேஷன் வாங்கறது, அவங்க பொண்ணை ஸ்கூல்ல விடறது, எல்லாம் போற போக்குல நடக்கறதுதான். மேகலா ஒருத்தி என்ன பண்ணும், பாவம். அவங்களை ஒரு கண்ணு பாத்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. நான் ஒரு நாள் வரலைன்னு வச்சுக்கங்க, அன்னைக்கே சாமானை ஏத்திக்கிட்டுப் போயிட்டா? வந்து பாத்தா வீடு பூட்டிக் கெடந்தா? அந்த பயத்துலயே எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்ல.

பேத்திக்குப் போளூர்ல காதுகுத்து வச்சாங்க. அன்னைக்குப் பார்த்து பாண்டிச்சேரி அம்மா வர்ற நாளு. நான் போகல. எம்பொண்ணு இன்னும் பேசறதில்ல. செங்கமலம் இந்த வயசுல தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. பட்டன் தைக்கறது. அவ ஒரு நாள் எனக்கு சாப்பாட்டுத் தூக்கு குடுக்க இங்க வந்தா. நான் அவருக்கு ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். நின்னு பாத்தா. "எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தப்ப டூட்டி இருக்குன்னு போனீங்க, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டா. தூக்கை அங்க வச்சுட்டுப் போயிட்டா. பொம்பளைங்களுக்கு எதை எதோட சேத்துப் பேசறதுன்னு தெரியாது. நான் யாருக்காக இதெல்லாம் பண்றேன்? அவ போட்டோ மாட்டறதுக்குத்தானே?

இருக்கட்டும். நல்ல சேதி ஒண்ணு சொல்றேன். போன மாசத்துல இருந்து பேரு சொல்றாரு. "குணா"ன்னு வருது, மிச்சம் வரலை. இந்த வாரம் "ஆமா" வந்துடுச்சு. அன்னைக்கு நான் கோயிலுக்குப் போய் தேங்காய் உடைச்சேன். ஒரு சின்ன சிக்கல் என்னன்னா, எதுக்குக் கேட்டாலும் ஆமாங்கறாரு. சம்மதமா? ஆமா. யாராவது மிரட்டினாங்களா? ஆமா. அதை மாத்தணும். "இல்லை"ங்கறதையும் சொல்லக் கத்துக் குடுக்கணும். ஒரு நாள் பக்கத்துல யாரும் இல்லாதப்ப கேட்டேன், "ஏன்டா, என்னை ஏமாத்தணும்னு தெரிஞ்சேதானடா ஏமாத்தின?"ன்னு. ஆமான்னாரு. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. எதுக்குக் கேட்டாலும் ஆமா சொல்றவரு சொன்னதை என்னன்னு எடுத்துக்கறது? நானும் அழுதேன். எனக்கு அவரை அடிக்கணும் போலவும் இருந்துச்சு, துண்டை எடுத்து வாயைத் துடைச்சுவிடணும் போலவும் இருந்துச்சு. துடைச்சுவிட்டேன்.

என்ன கேக்கறீங்க? ஒலக்கூர் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தேனா?

இல்லை. பாக்கல. அந்தம்மா சொல்லுச்சு, அது தம்பி காட்டினான், தூரத்துல இருந்து, ரோட்ல நின்னு. பனைமரம் ரெண்டு நிக்குது. அது போதாதா? பத்திரம் பேங்க் லாக்கர்ல இருக்குதாம். சர்வே நம்பரா? கேக்கல. நீங்க என்ன என்னை போலீஸ் மாதிரி விசாரிக்கறீங்க? சும்மா இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டு, இத்தனை மாசமா நான் பண்ணிக்கிட்டு இருக்கறதை ஒரே கேள்வியில இல்லைன்னு ஆக்கப் பாக்கறீங்களா? எல்லாம் தெரிஞ்சவங்க நீங்க ஏன் பூங்காவுல மனை வாங்கினீங்க?

தப்பா பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. கண்ணைத் துடைங்க. எனக்கும் தெரியும்மா, நம்பரைக் கேட்டு வாங்கி முந்நூறு ரூவா கட்டினா கம்ப்யூட்டர்ல வந்துடும். நானே ரெண்டு தடவை அந்தக் கம்ப்யூட்டர் கடை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கேன். பாத்து, அதுலயும் ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுடுச்சுன்னு வைங்க. புகார் போச்சு. திரும்ப அந்த இன்ஸ்பெக்டர் மூஞ்சியில முழிக்க முடியாது. வீட்டுல செங்கமலம் மூஞ்சியில முழிக்க முடியாது. அப்ப நாளைக்குக் காலைல ஆறரைக்கு எழுந்து நான் எங்கம்மா போறது?

பெல் அடிக்குது பாருங்க, முழிச்சுட்டாரு. மேகலா கடைக்குப் போயிருக்கு, நான்தான் போவணும், திருப்பிப் படுக்க வைக்கணும். நீங்க அவசரப்பட்டு வக்கீலு, கேஸுன்னு போயிடாதீங்க, அவரு மிரண்டுட்டா வந்த ரெண்டு வார்த்தையும் போயிடும். ஆறாவது பங்கா உங்களைச் சேத்துக்கறேன். இந்த மாசத்துக்கு ரெண்டாயிரம் ஆவும். இல்லைன்னா இப்ப ஆயிரம் குடுங்க, பாக்கியை அப்புறம் பாத்துக்கலாம். பயப்படாதீங்க, ரசீது போட்டுத் தர்றேன். அவன் ஆபீஸ் ரசீது புக்கு கட்டுக் கட்டா இங்கதான் கெடக்குது.